அழ அனுமதி இல்லாத வீடு: ‘ஆல் மை சன்ஸ்’ இயக்குநரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ நாடகத்தைத் தமிழில் இயக்கினேன். காட்சி முடிந்து வெளியே வந்ததும் பார்வையாளர்கள் நிறுத்திக் கேட்டவை, ஒத்திகையில் நடிகர்கள் கேட்டவை, இரண்டையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். முடிவு வரைக்கும் பேசியிருக்கிறேன். கதை முன்கூட்டித் தெரிந்தால் பாதகமில்லை என்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் ஓரம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வரும் ஓர் ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. ஜோ கெல்லர் ஒரு தொழிற்சாலை முதலாளி. போர்க்காலத்தில் அங்கே விமான எஞ்சின்களுக்கான சிலிண்டர் ஹெட் செய்தார்கள். ஒருநாள் 120 ஹெட்கள் விரிசலோடு வந்தன. விரிசலை மறைத்து ராணுவத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 21 விமானிகள் விழுந்து செத்தார்கள். ஜோவும் அவருடைய கூட்டாளி ஸ்டீவ் டீவரும் கைதானார்கள். அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், வேலைக்கே போகவில்லை என்று சொல்லி, மேல்முறையீட்டில் ஜோ வெளியே வந்துவிட்டார். ஸ்டீவ் இன்னும் சிறையில்.

ஜோவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் கிறிஸ் போரிலிருந்து திரும்பிவிட்டான். இளையவன் லாரி விமானி. காணாமல் போய் மூன்று வருடத்துக்கு மேலாகிறது. அவன் திரும்பி வருவான் என்று அம்மா கேட் மட்டும் சாதிக்கிறாள். லாரிக்கு நிச்சயித்திருந்த பெண் ஆன். அவள் ஸ்டீவின் மகள். அவளைக் கிறிஸ் கட்டிக்கொள்ள நினைத்து வீட்டுக்கு வரவழைக்கிறான். காலையில் தொடங்கும் நாடகம் மறுநாள் விடியற்காலை இரண்டு மணி சுமாருக்கு முடிந்துவிடுகிறது. ஒரு முழு நாள்கூட இல்லை.

இது துக்கத்தைப் பற்றிய நாடகமா, உண்மையைப் பற்றிய நாடகமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இதை எடுத்தேன். வழக்கமாக இதை ஜோவின் குற்றத்தைப் பற்றிய நாடகமாக நடத்துவார்கள். அப்பா தப்பு செய்தார், பையன் கண்டுபிடித்தான், அப்பா தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டார். அந்த வாசிப்பில் தவறில்லை. ஆனால் அப்படி நடத்தினால் அம்மா ஓரத்துக்குப் போய்விடுகிறாள். பிள்ளையை இழந்து புத்தி கொஞ்சம் தடுமாறிய பெண் என்று பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பிரதியைப் புரட்டிப் பாருங்கள். அவளுடைய வசனங்களுக்கு முன்னால் ‘கேட்’ என்ற பெயரே இருக்காது. ‘அம்மா’ என்றுதான் மில்லர் போட்டிருக்கிறார். அவளை நடுவில் வைத்துப் படித்தபோது எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. லாரி செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டால், அவனைக் கொன்றது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் பதிலும் வரும். ஆகவே அவன் சாகக் கூடாது. இதுதான் அவள் கணக்கு. இரண்டாம் அங்கத்தின் முடிவில் அவளே கிறிஸிடம் இதைப் போட்டு உடைக்கிறாள்: தம்பி உயிரோடு இருக்கிறான், இல்லையென்றால் அவனைக் கொன்றது உன் அப்பா; அப்பன் கையால் பிள்ளை சாகக் கடவுள் விடமாட்டார்.

அந்த வீட்டில் ஒருவர் வாய்விட்டு அழுதால், அது சாட்சி சொன்னதற்குச் சமம். அதனால் மூன்று வருடமாக அங்கே யாரும் அடுத்தவர் முன்னால் அழவில்லை. எங்கள் மேடையேற்றத்தில் எல்லா முடிவும் இந்த ஒரு யோசனையிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் கேட்டுக்கு முதலிலிருந்தே தெரியுமா?

தெரியும். அது பிரதியிலேயே இருக்கிறது. என் கண்டுபிடிப்பு இல்லை. ஜோவுக்குக் காய்ச்சல் இல்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே வீடு, ஒரே கட்டில்.

நடிகைக்குச் சிக்கல் வேறு இடத்தில். தெரியும் என்பதை எவ்வளவு காட்டுவது? முதல் வாரம் அவர் ஒவ்வொரு வசனத்திலும் ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டு வந்தார். கண்ணை உருட்டுவது, பேச்சை இழுப்பது, கையைப் பிசைவது. நான் ஒன்றுதான் சொன்னேன்: “ரகசியம் வைத்திருப்பவளாக நடிக்காதீர்கள், வேலை இருப்பவளாக நடியுங்கள்.” அன்றிலிருந்து அவர் அந்தக் கொல்லைப்புறத்தில் நிற்கவே இல்லை. நாற்காலியை நகர்த்துவார், இலையைப் பொறுக்குவார், யாருக்காவது குடிக்க ஏதாவது கொண்டுவருவார். நின்றால் யோசிக்க வேண்டிவரும் அல்லவா!

சின்னப் பையன் பெர்ட்டோடு ஜோ ‘ஜெயில்’ விளையாட்டு விளையாடும் இடம் மட்டும் விலக்கு. வீட்டு நிலவறையில் ஜெயில் இருப்பதாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஜோ நம்பவைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் கேட் வெடிக்கிறாள். அங்கே மட்டும் நடிகை அசையாமல் நிற்பார். கவனித்தவர்களுக்கு அந்த நிமிடமே பாதிக் கதை புரிந்துவிடும். கவனிக்காதவர்களுக்கும் ஒன்றும் குறையாது.

புயலையும் மரம் விழுவதையும் ஏன் காட்டவில்லை?

லாரி நினைவாக நட்ட ஆப்பிள் மரம் முந்தைய இரவுக் காற்றில் முறிந்து கிடக்கிறது. நாடகம் தொடங்கும்போதே அது விழுந்துதான் கிடக்கிறது; நான்கடி உயரத்துக்கு அடிமரம், பக்கத்தில் காயோடு கிளை. விழும் காட்சியையே முதலில் மேடையில் வைத்தவர்கள் உண்டு. லண்டனில் ஹோவர்ட் டேவிஸ் 2010-ல் புயலோடு தொடங்கினார். நியூயார்க்கில் 2008-ல் சைமன் மெக்பர்னி வேறு வழியில் போனார்: ஜோவாக நடித்த ஜான் லித்கோ வந்து நின்று மேடைக்குறிப்பைப் பார்வையாளருக்கு வாசித்தார், வேலை இல்லாத நடிகர்கள் ஓரத்தில் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் புயல் வேண்டாம் என்று பட்டது. காரணம் எளிது. மரம் முறிந்த கணத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவள் கேட் ஒருத்திதான். கனவில் லாரியின் விமானம் தலைக்கு மேலே போகிறது, அவன் அம்மாவைக் கூப்பிடுகிறான். விழித்து வெளியே வந்தால் எஞ்சின் இரைவதுபோலக் காற்று, கண்ணெதிரே மரம் முறிகிறது. இதை அவள் வார்த்தையில் கேட்கும்போது நாம் நம்பவும் செய்கிறோம், சந்தேகப்படவும் செய்கிறோம். காட்டிவிட்டால் சந்தேகம் போய்விடும். உண்மையைப் பற்றிய நாடகத்தில் பார்வையாளரிடமிருந்து சந்தேகத்தைப் பிடுங்கலாமா?

மேடை நடுவே தரை ஏன் மேடாக இருக்கிறது? நடிகர்கள் தடுக்கி விழமாட்டார்களா?

தடுக்கத்தான் வேண்டும். இது கடன் வாங்கிய யோசனை, ஒளிக்கவில்லை. 1947 ஜனவரியில் எலியா கஸான் இயக்கத்தில் இந்த நாடகம் பிராட்வேயில் முதன்முதலாக மேடையேறியபோது, அரங்கம் அமைத்த மோர்டெகாய் கோரெலிக் கொல்லைப்புறத்தின் நடுவே ஒரு மேட்டை வைத்தார். நடிகர்கள் காலில் இடறியது, முணுமுணுத்தார்கள். இது எதற்கு என்று கேட்டதற்கு, நீங்கள் எழுதியிருப்பது ஒரு சுடுகாட்டு நாடகம் என்கிற தொனியில் பதில் சொன்னாராம். பிள்ளை அங்கேதான் புதைந்திருக்கிறான் என்பது அவர் எண்ணம். மில்லரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

எங்களுடையது அவ்வளவு உயரமில்லை. நான்கு விரல்தான் இருக்கும். எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? மூன்றாம் அங்கத்தில் ஜோ மட்டும் அதன்மேல் ஏறி நிற்பார்.

முதல் காட்சியில் கேட் துடைத்துக்கொண்டிருக்கும் ஷூ யாருடையது?

லாரியுடையது. அவன் அறையில் துணிமணி அப்படியே இருப்பதையும், ஷூக்களெல்லாம் பாலிஷ் போட்டு மின்னுவதையும் ஆன் கவனிப்பதாகப் பிரதியில் வருகிறது. கேட்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதல் இரண்டு வாசிப்பில் தாண்டிவிட்டேன்.

பிறகு யோசித்தேன். மூன்று வருடம் யாரும் போடாத ஷூ எப்படி மின்னும்? வாரா வாரம் ஒருவர் எடுத்துத் துடைத்தால்தான் மின்னும். அதனால் திண்ணைப் படியில் கேட்டை உட்காரவைத்தேன். வசனம் தொடங்குமுன் நாற்பது விநாடி. மடியில் பழைய செய்தித்தாள், இடது கை ஷூவுக்குள், வலது கையில் துணி. ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். அதில் மண் இல்லை. இருந்தாலும் தட்டுகிறாள்.

கையில் ஒட்டிய கறுப்பு மை கடைசிவரை கழுவப்படாமல், அவள் ஜோவை அறையும்போது அவர் கன்னத்தில் தீற்றலாகப் படிகிற மாதிரி ஒரு வாரம் செய்து பார்த்தோம். பார்த்தவர்கள் பிரமாதம் என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. இயக்குநர் தோளைத் தட்டி “பார்த்தாயா, பார்த்தாயா” என்பதுபோல. எடுத்துவிட்டேன்.

காய்ச்சல் வசனத்துக்குப் பிறகு அவ்வளவு நேரம் எல்லாரும் சும்மா இருக்கிறார்களே, யாராவது வசனம் மறந்துவிட்டார்களா?

இந்தக் கேள்வி வரும் நாளெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

அந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆனின் அண்ணன் ஜார்ஜ் வக்கீல். சிறைக்குப் போய் அப்பா ஸ்டீவைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருகிறான், அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு. தங்கையைக் கூட்டிப்போக வந்திருக்கிறான், கோபமாக. அன்றைக்கு அப்பா ஜோவுக்குப் போன் செய்தார். ஜோ போனிலேயே, விரிசலை வெல்டிங் வைத்து மூடி அனுப்பு, பொறுப்பு என்னுடையது என்றார். பிறகு அப்படிப் பேசவே இல்லை என்று மறுத்துவிட்டார். போனில் பேசியதை நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? இதெல்லாம் ஜார்ஜுக்கு இப்போதுதான் தெரியவந்திருக்கிறது.

அவனைக் கேட் எப்படி மடக்குகிறாள்? வாதாடவில்லை. இளைத்துப்போனாயே என்கிறாள். அவனுக்குப் பிடித்த திராட்சைச் சாறு போட்டிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறாள். சின்ன வயதில் ஓடி விளையாடிய வீடு அவனை இழுக்கிறது. கோபம் வடிகிறது. ஜோ வந்து உட்கார்கிறார், பழைய பேச்சு பேசுகிறார். ஜார்ஜ் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விட்டுவிடப்போகிறான்.

அப்போது ஜோவின் உடம்பைப் பற்றிப் பேச்சு வருகிறது. கேட் பெருமையாக, இவர் பதினைந்து வருடமாக ஒருநாள்கூடப் படுத்ததில்லை என்கிறாள்.

முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் ஜோவின் சாட்சியம் நொறுங்குகிறது. போர்க்காலத்தில் வந்த காய்ச்சலைத் தவிர என்று ஜோ அவசரமாக ஒட்டுப்போடுகிறார். கேட்டுக்கு ஒரு கணம் புரியவில்லை. ஜார்ஜுக்குப் புரிந்துவிட்டது.

மூன்று வருடம் நாக்கைக் காவல் காத்தவள் ஏன் இங்கே கோட்டைவிட்டாள்? நடிகர்களோடு இரண்டு நாள் இதைப் பேசினோம். சிலர், வேண்டுமென்றே சொல்லியிருக்கலாம், உள்மனது என்றார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான். பழைய நாள் திரும்பிவிட்டதுபோல இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், சாப்பிடப் போகிறார்கள். பொய்யைக் காப்பாற்றப் பயம் வேண்டும். அந்த ஒரு நிமிடம் அவளுக்குப் பயம் இல்லை. சிரித்துக்கொண்டே, கணவரின் தோளில் இருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டே அந்த வசனத்தைச் சொல்லச்சொன்னேன். அதற்குப் பின் வரும் அமைதியில் ஜார்ஜ் கையிலிருக்கும் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைக்கிறான். சாறு பாதி இருக்கிறது. அந்தத் தம்ளரை அதற்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். இரண்டாம் அங்கம் முடியும்வரை அங்கேயே இருக்கும்.

ஜோவை ஏன் இவ்வளவு பிரியமானவராகக் காட்டினீர்கள்? கோபமே வரவில்லை.

வந்திருக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அவர் பிள்ளைகளோடு விளையாடுகிறவர், தொழிலைப் பிள்ளைக்கு விட்டுப்போக வேண்டும் என்று நினைப்பவர். விரிசல் விட்ட பாகத்தை அனுப்பியதும் அதே குடும்பப் பாசத்தால்தான் என்பது அவர் வாதம். லாரி பி-40 ரக விமானத்தை ஓட்டியதே இல்லை என்று சொல்லி அவர் தப்பிக்கும் இடத்தைக் கவனியுங்கள். பாகம் போனது பி-40 விமானங்களுக்கு. ஆக என் பிள்ளையை நான் கொல்லவில்லை. செத்த 21 பேரும் கணக்கில் வரவே இல்லை! வில்லன் குரலில் இதைச் சொன்னால் வெறும் வசனம். நல்ல மனிதர் சொன்னால்தான் உறைக்கிறது.

கிறிஸ்தான் கதாநாயகனா?

இல்லை. எனக்கு அவன்மேல் கொஞ்சம் எரிச்சலே உண்டு.

அவன் நேர்மையானவன், போரில் தன் பொறுப்பில் இருந்த ஆட்களில் பெரும்பாலோரை இழந்தவன், அது அவனை அரிக்கிறது. சரி. ஆனால் அப்பாமேல் தனக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று கடைசி அங்கத்தில் அவனே ஒப்புக்கொள்கிறான். அம்மா ஒருவிதமாகக் கண்ணை மூடிக்கொண்டாள், இவன் இன்னொருவிதமாக. பக்கத்து வீட்டுச் சூ ஆனிடம் சொல்வதைப் பார்த்தால் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. டாக்டர் ஜிம்முக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? இதை நடிகர்களிடம் சொல்லிவைத்திருந்தேன்: யாரும் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை, தெரிந்ததை இனி மறைக்க முடியவில்லை, அவ்வளவே.

ஜாதகம் பார்க்கும் காட்சிக்கு நாங்கள் சிரிக்கலாமா?

மில்லர் பாதிச் சிரிப்புக்காகத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். லாரி காணாமல்போன நவம்பர் 25 அவனுக்கு நல்ல நாளா என்று பக்கத்து வீட்டு ஃபிராங்க் கணித்துக்கொண்டிருக்கிறான். நல்ல நாள் என்றால் செத்திருக்க முடியாதாம். நாடகத்துக்கு மில்லர் முதலில் யோசித்த பெயரே தனுசு ராசியைக் குறிக்கும் பெயர்தான். அப்போது இந்த இழைக்கு இன்னும் கனம் இருந்தது.

அமெரிக்கப் பார்வையாளருக்கு ஃபிராங்க் ஒரு விசித்திரப் பேர்வழி. தமிழில் ‘ஜாதகம்’ என்று சொன்னதும் அரங்கம் சிரிக்காமல் காதைத் தீட்டிக்கொள்கிறது. முதல் காட்சியில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நகைச்சுவை போயிற்று என்று ஃபிராங்காக நடித்தவருக்கு வருத்தம். ஆனால் எங்கள் வாசிப்புக்கு அது லாபம். கேட் ஏன் அதைப் பற்றிக்கொள்கிறாள் என்று யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

ஊர், பெயர் எல்லாவற்றையும் தமிழாக்கியிருக்கலாமே?

கேட்டவர்கள் நிறைய. ஜோ கெல்லரை வேறு பெயர் வைத்து வேறு ஊருக்குக் கொண்டுவந்தால், போர்க்காலத்தில் ராணுவ ஒப்பந்தத்தால் பணம் பெருத்த அந்த நாட்டின் கதை கைநழுவிப்போகும். அது இல்லாமல் இந்தக் குற்றம் இல்லை. ஆகவே ஊரையும் பெயரையும் தொடவில்லை. மாற்றியது மொழியை மட்டும்தான்.

மொழியில் ஒரு அதிர்ஷ்டம் வாய்த்தது. ‘அவன் இப்படித்தான் சொல்வான்’ என்று பேச்சுத்தமிழில் சொன்னால், உயிரோடு இருப்பவனைப் பற்றியும் இருக்கலாம், போய்விட்டவனின் பழைய வழக்கத்தைப் பற்றியும் இருக்கலாம். கேட் லாரியைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் கூடியமட்டும் அந்த ‘சொல்வான், வருவான், சிரிப்பான்’தான். மற்றவர்கள் அதைப் பழைய நினைவாகக் கேட்கிறார்கள். அவள் நாளை நடக்கப்போவதைச் சொல்கிறாள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே சண்டை போடாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறது.

மூன்றாம் அங்கத்தில் கடிதத்துக்குப் பிறகு அவள் ஜோவைத் தடுக்கும்போது, லாரியும் உங்கள் பிள்ளையாக இருந்தவன்தானே என்கிறாள். ஆங்கிலத்திலும் அங்கே இறந்தகாலம்தான். எங்கள் தமிழில் அவள் வாயில் லாரிக்கு இறந்தகாலம் வருவது அந்த இடத்தில்தான் முதல் தடவை. அதற்குப் பதிலாகத்தான் ஜோ, அவன் கணக்கில் அவர்கள் எல்லாருமே என் பிள்ளைகள்தான் போல என்கிறார். நாடகத்தின் தலைப்பு அங்கிருந்து வருகிறது.

ஆன் அந்தக் கடிதத்தை ஏன் மூன்று வருடம் மறைத்துவைத்தாள்?

அப்பா கைதான செய்தியைப் படித்துவிட்டு, வெட்கம் தாங்காமல், இனித் திரும்பப்போவதில்லை என்று லாரி அவளுக்கு எழுதிய கடிதம் அது. அதை நீட்டினால் ஒரு குடும்பம் செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். கிறிஸைக் கட்டிக்கொள்ள வேறு வழியே இல்லை என்றானபின்தான் எடுக்கிறாள், அதுவும் கேட்டிடம் முதலில். நல்லெண்ணமும் சுயநலமும் அவளிடம் பிரிக்க முடியாமல் இருக்கின்றன. பிரிக்க முயலவேண்டாம் என்று நடிகையிடம் சொன்னேன்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அந்தக் கடிதம் வெற்றுத்தாள். கிறிஸாக நடித்தவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நடுவில் மறந்துபோய், வெறும் தாளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். பார்வையாளர்கள் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மறுநாளே முழுக் கடிதத்தையும் பேனாவால் எழுதி, மடித்து, நான்கு நாள் என் சட்டைப்பையிலேயே வைத்திருந்து கொடுத்தேன். மடிப்பில் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கும். நிஜமாகவே படிக்கத் தொடங்கியபின் அவர் குரல் மாறிவிட்டது.

அந்தக் காட்சியில் கிறிஸைப் பார்க்காதீர்கள், கேட்டைப் பாருங்கள். கடிதத்தை அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள், பிள்ளை இல்லை என்று அவளுக்கு இப்போது நிச்சயம். அந்த நிமிடத்திலும் அவள் அழவில்லை. ஜோவிடம் சொல்லாதே என்று கெஞ்சுகிறாள். செத்தவனை விட்டுவிட்டு இருப்பவரைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

இது உண்மைச் சம்பவமா?

விதை உண்மை. ஒரு பெண், தன் அப்பா ராணுவத்துக்குப் பழுதான பாகம் விற்றதை அறிந்து அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தாள் என்ற கதை மில்லர் காதுக்கு வந்தது. சொன்னவர் சொல்லி முடிப்பதற்குள் மகளை மகனாக மாற்றிவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அதே காலத்தில், 1943-ல், ஒஹையோ மாநிலத்தின் லாக்லேண்டில் இருந்த ரைட் ஏரோநாட்டிகல் ஆலையிலிருந்து பழுதான விமான எஞ்சின்கள் சோதனையில் தேறியதாகக் காட்டி அனுப்பப்பட்டன என்று செனட்டர் ட்ரூமன் தலைமையிலான விசாரணைக் குழு வெளிக்கொண்டுவந்தது. கெல்லர் குடும்பம் கற்பனை.

இசையே இல்லையே?

போட்டுப் பார்த்தோம். எங்கே அழவேண்டும் என்று இசை சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அழ அனுமதியில்லாத வீட்டில் வயலின் எதற்கு?

குழந்தைகளைக் கூட்டிவரலாமா?

மேடைக்குப் பின்னால் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் வரும். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக.

கடைசியில் கேட் ஏன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள்? முகத்தைக் காட்டியிருக்கலாமே?

சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறேன், சிறைக்குப் போகலாம் என்று ஜோ உள்ளே போகிறார். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. கிறிஸ் உடைந்துபோய் அம்மாவிடம் வருகிறான். இதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே, மறந்துவிடு, வாழு என்கிறாள். அவன் பேச வாயெடுத்ததும் உஷ் என்கிறாள். பிறகு திண்ணைப் பக்கம் நடக்கிறாள். படியை அடையும்போது விம்மத் தொடங்குகிறாள், திரை விழுகிறது. இது அப்படியே மில்லரின் மேடைக்குறிப்பு.

நாடகம் முழுக்க நாம் காத்திருந்த அழுகைக்கு அவர் மேடையில் நேரமே ஒதுக்கவில்லை. தொடங்கியதும் திரை. நடிகைக்கு இது பெரிய மனத்தாங்கல். இரண்டரை மணி நேரம் அடக்கி அடக்கி வைத்ததை ஒரு நிமிடமாவது பார்வையாளருக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்டார். நியாயம்தான். அவரைத் திருப்பி நிறுத்தியும் ஒருமுறை பார்த்தேன். முகம் தெரிந்ததும் அது நமக்காக அழுவதுபோல ஆகிவிட்டது. பழையபடி முதுகுதான்.

எங்களிடம் திரை இல்லை, விளக்குதான். காலையில் ஷூ துடைத்த அதே படியில் அவர் உட்கார்கிறார். முதல் விம்மல் கேட்டதும் மூன்று எண்ணிவிட்டு விளக்கை இறக்கு என்று லைட் போடுபவரிடம் சொல்லியிருக்கிறேன். சில நாள் ஏழு, எட்டுவரை போய்விடுகிறது. கேட்டால், எண்ணிக்கை விட்டுப்போச்சு என்கிறார்.